நீக்கப்பட்ட பாயிரம்

நூல் ஒன்றுக்குப் பாயிரம் உரைப்போர் கூற வேண்டிய செய்திகள் எட்டு என்று வகுத்தார் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என அவை விரியும். இவ்வெட்டனுள் எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது ஆக்கியோன் பெயர். நூலின் பெயர்கூட அதற்குப் பின்னரே வருகின்றது. இதனைச் செய்தவர் இன்னார் என்பதை அறிந்துகொண்டே நூலுக்குள் புகுதல் வேண்டும் என்பது தமிழ் இலக்கண ஆசிரியர் கொண்ட முறை.

இம்முறையின் அருமை, பெண்பாற் புலவர் வரலாற்றைப் பார்க்கும்பொழுது நன்கு விளங்கும். சங்கப் பாடல்களைத் தொகுத்த சான்றோர் பாட்டின் கீழே பாடினோர் பெயரையும் குறித்து வைத்தனர். அதனால் ஒளவையாரும் வெள்ளிவீதியாரும் ஒக்கூர் மாசாத்தியாரும் இன்று நமக்குப் பெயருடையவராய் நிற்கின்றனர். ஆயினும் அக்குறிப்புகளைச் சற்றே கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். கணவனோடு தீப்புகத் துணிந்து பாடிய அரசியின் பெயர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு என்றே எழுதப்பட்டுள்ளது. பெருங்கோப்பெண்டு என்பது பட்டத்தரசி என்னும் பொருளது. அவருக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் யாது என்பது அதில் இல்லை. தந்தையை இழந்த துயரை நிலவோடு சேர்த்துப் பாடிய இருவர் பாரி மகளிர் என்றே வழங்கப்படுகின்றனர். புலியைப் பெற்ற வயிற்றைப் பற்றிப் பாடிய மூதாட்டிக்குக் காவற்பெண்டு என்னும் தொழிற்பெயரே எஞ்சியது. 1894-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபொழுது, ஏட்டில் கிடைத்த அக்குறிப்புகளைத் தம் விருப்பம்போல் ஒதுக்காமல் அவ்வாறே காத்துத் தந்தார். அவர் அதனைச் செய்யாதிருப்பின் இவ்வளவும் நமக்குக் கிடைத்திராது.

பக்தி பாடிய பெண்மணிகள் இவ்வகையில் நல்லூழ் உடையவர். காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் தம் பாடல்களின் இறுதியில் தம்மைத் தாமே குறித்துப் பாடினர். பாட்டின் உள்ளேயே சந்தத்தோடு பின்னிக் கிடக்கும் பெயரை எவராலும் பிரித்தெடுத்தல் இயலாது. பெயரை நீக்கினால் ஓசை கெடும். ஓசை கெட்டால் பாடுவோர் உடனே உணர்வர். நூலின் முகப்பில் தனித்து நிற்கும் பாயிரத்துக்கோ அத்தகைய காவல் இல்லை. முகப்பேட்டைக் கழற்றி வைத்தாலும் நூல் நூலாகவே நிற்கும். ஆக்கியோன் மட்டும் மறைந்து போவார். அவ்வாறு மறைக்கப்பட்ட ஒருவரின் கதையும், அவரை மீட்டு அச்சேற்றிய மற்றொருவரின் கதையும் தஞ்சையிலும் சென்னையிலும் நிகழ்ந்தவை.

தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னர் அவையில் கல்வி மிக்க பெண்டிர் பலர் இருந்தனர். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இரகுநாத நாயக்கரின் வரலாற்றை இராமபத்திராம்பா என்பவர் இரகுநாதாப்யுதயம் என்னும் வடமொழிக் காவியமாகப் பாடினார். அதே அவையில் இருந்த மதுரவாணி இராமாயணக் கதையை வடமொழியில் பாடினார். அடுத்து ஆண்ட விஜயராகவ நாயக்கர் காலத்தில் இரங்காஜம்மா தெலுங்கில் நாடகமும் காவியமும் செய்தார். நாயக்கர் ஆட்சி 1673-இல் முடிந்து மராத்தியர் ஆட்சி வந்த பின்னும், தெலுங்கு அவ்வவையில் இலக்கிய மொழியாக நின்றது.

இப்பெண்டிருள் பெரும்பாலார் மன்னர் அவையைச் சார்ந்தும், ஆடலையும் பாடலையும் குலக் கல்வியாகக் கொண்டும் வாழ்ந்தவர். இல்லறத்துப் பெண்டிருக்கு எழுத்தறிவே மறுக்கப்பட்ட காலத்தில், அவர்களுக்கு மட்டும் ஏடும் எழுத்தாணியும் கைக்கெட்டின. சொத்துரிமையும் அவர்களுக்கு இருந்தது. தம் பொருளைத் தாமே புலவர்க்கு வழங்கவும் இயன்றது. அவ்வாழ்க்கை முறையில் கொடுமை இல்லாமல் இல்லை. கோயிலுக்குச் சிறுமியரை நேர்ந்துவிடும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947-இல் சட்டத்தால் தடுத்தது, அது வேண்டியதே. ஆனால் ஒரு வழக்கம் ஒழிய வேண்டியது என்பதனால், அதனுள் வாழ்ந்தவர் எழுதிய நூலும் ஒழிய வேண்டியது ஆகாது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியதே பின்வரும் துன்பங்களுக்கெல்லாம் காரணம் எனலாம்.

மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்டார். அவர் அவையில் விளங்கியவர் முத்துப்பழனி. இசையும் நடனமும் அறிந்தவர். தெலுங்கிலும் வடமொழியிலும் தேர்ந்தவர். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவர் என்றும் கூறுவர். அவர் செய்த பெருநூல் இராதிகா சாந்துவனம். 584 பாடல்களால் ஆகியது அது. கண்ணனுக்கு இளா என்னும் மங்கையை மணம் முடித்து வைக்கிறாள் இராதை. தான் வளர்த்த பெண்ணைத் தானே ஒப்படைத்த பின்னர்ப் பிரிவாற்றாது வருந்துகிறாள், சினக்கிறாள். கண்ணன் வந்து அவள் ஊடலைத் தணிக்கிறான். கண்ணனுக்கும் இராதைக்கும் இடைப்பட்ட காதலைப் பாடியோர் பாரத நாட்டில் பலர். ஆனால் காதலில் தன் விருப்பத்தைத் தானே எடுத்துச் சொல்லும் இராதையை, மகளிர் உள்ளத்தில் நின்று காட்டியமையே இந்நூலின் தனிச் சிறப்பு. பொறாமையும் பரிவும் ஒரே நெஞ்சில் மாறி மாறி எழுவதை அவர் கண்டு எழுதியிருக்கும் திறம் வியத்தற்குரியது.

தெலுங்குக் காவியங்களின் தொடக்கத்தில் அவதாரிகை என்னும் பாயிரப் பகுதி இருத்தல் மரபு. புலவர் தம் குலமுறையையும் ஆசிரியரையும் புரந்தாரையும் அங்குக் கூறுவர். அக்குலமுறை பெரும்பாலும் பாட்டன், தந்தை, மகன் என்றே இறங்கி வரும். முத்துப்பழனியின் அவதாரிகையோ பாட்டியார் தஞ்சநாயகி முதலிய தம் குலப் பெண்டிரைச் சிறப்பித்துச் சொல்லுகின்றது. தம் அழகையும் கல்வியையும் அவர் தயங்காமல் கூறுகின்றார். தம்மைப் போலப் புலவர்க்குப் பரிசளித்த பெண் வேறு யார், தம்மைப் போலக் காவியங்கள் காணிக்கையாகப் பெற்ற பெண் வேறு யார் என்றும் வினவுகின்றார். தற்புகழ்ச்சி என்று இதனைச் சிலர் முகம் சுளிக்கலாம். ஆண் புலவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொண்ட பாயிரங்களை அடுக்கி வைத்தால் ஓர் அறை நிறையும். அவற்றைப் படிக்கும்பொழுது எவரும் முகம் சுளிப்பதில்லை.

ஓலையில் எழுதிய நூல் தானாக வாழ்வதில்லை. செல்லும் கறையானும் ஈரமும் அதனைத் தின்றுகொண்டே இருக்கும். சில தலைமுறைக்கு ஒருமுறை எவரேனும் அமர்ந்து எழுத்தாணியால் படியெடுத்தால்தான் அது நிலைக்கும். படியெடுப்பவர் விரும்பியதே வாழும், விரும்பாதது அழியும். அச்சு வந்தபொழுது இந்நிலை மாறியிருக்க வேண்டும். தஞ்சையில் அச்சு முன்னரே வந்தது. மன்னர் இரண்டாம் சரபோஜி 1805-ஆம் ஆண்டளவிலேயே அரண்மனையில் அச்சுக்கூடம் நிறுவித் தேவநாகரி எழுத்தில் நூல்களை வெளியிட்டார். ஆயினும் முத்துப்பழனியின் நூல் அச்சேற 1887-ஆம் ஆண்டு வரை காத்திருந்தது.

அவ்வாண்டில் அதனை உரையுடன் வெளியிட்டவர் வேங்கடநரசு என்னும் தெலுங்கறிஞர். தெலுங்கு அகராதி தொகுத்த சி. பி. பிரௌன் என்னும் ஆங்கிலேயரோடு பழகியவர். பழைய நூல்களில் பயிற்சி உடையவர். அவர் அச்சேற்றியமைக்காக நன்றி கூறுதல் கடமை. எனினும் அவர் பதிப்பில் இரண்டு குறைகள் நேர்ந்தன. தமக்கு ஒவ்வாத பாடல்கள் சிலவற்றை விலக்கினார். நூலின் அவதாரிகையையும் விட்டுவிட்டார்.

பாடல்களை விலக்கியதற்கு, அவை இன்பச்சுவை மிக்கன என்று ஒரு காரணமாவது கூறலாம். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் கருத்து. அவதாரிகையை விலக்கியதற்கு என்ன காரணம் கூறுவது? அங்கே காதற் காட்சி இல்லை. அங்கே இருந்தவை ஒரு பெண்ணின் பெயரும், அவள் பாட்டியின் பெயரும், தன் கல்வியைப் பற்றி அவள் கொண்டிருந்த பெருமிதமுமே. விலக்கப்பட்ட பாடல்களைவிட விலக்கப்பட்ட இப்பாயிரமே பேரிழப்பு. பாடல் சில குறைந்தாலும் நூல் தன் சுவையை ஒருவாறு காட்டும். பாயிரம் குறைந்தாலோ, பாடியவர் எம்மரபில் வந்தார், யாரிடம் கற்றார், தம்மை எவ்வாறு மதித்தார் என்பன அனைத்தும் ஒருங்கே அழிகின்றன. பின்னர் வருவோர், எங்கோ தற்செயலாய் ஒரு பெண் பாடிவிட்டாள் என்று எண்ணிக் கடந்து செல்வர். பெண்டிர் எழுதியது அருமையாகத் தோன்றுவதற்கு, அவர்கள் எழுதாமை மட்டுமே காரணம் அன்று. ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் இடையே இருந்த தொடர்பை அறுத்துவிட்டால், எழுதியவர் ஒவ்வொருவரும் தனித்துத் தோன்றி வியப்புப் பொருளாகவே நிற்பர்.

அக்காலத்து ஆந்திரப் பெரியார் கந்துகூரி வீரேசலிங்கம் முத்துப்பழனியைப் பற்றி எழுதியதும் இங்கே கருதத்தக்கது. கைம்பெண் மறுமணத்தை 1881-இல் இராஜமகேந்திரத்தில் முன்னின்று நடத்தியவர் அவர். பெண் கல்விக்குப் பள்ளி நிறுவியவர். பெண்டிர்க்கெனத் தனியே இதழ் நடத்தியவர். அத்தகைய பெருந்தகை, தெலுங்குக் கவிகள் வரலாற்றில் முத்துப்பழனியின் புலமையை ஒப்புக்கொண்டே, அவர் பாடல்கள் பல பெண் வாயிலிருந்து வரத்தக்கன அல்ல, பெண் செவி கேட்கத்தக்கனவும் அல்ல என்று இடித்துரைத்தார். பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று போராடியவரே, கற்ற பெண் எதை எழுதலாம் என்பதற்கு எல்லை வகுத்தார். அவரைக் குறைகூறுதல் எளிது. ஆனால் அவர் கொடியவர் அல்லர் என்பதே இங்கு நினைவிற்கொள்ள வேண்டுவது. நல்லோர் கையாலும் ஒரு நூலுக்குத் தீங்கு நேரும்.

இந்நிலையில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். 1878-இல் மைசூர் நாட்டில் நஞ்சன்கூட்டில் பிறந்து, சென்னையில் இசையரசியாய் விளங்கியவர் அவர். கன்னடமும் தெலுங்கும் தமிழும் வடமொழியும் கற்றவர். முத்துப்பழனி பிறந்த அதே மரபில் தோன்றியவர். தஞ்சையை ஆண்ட மன்னர்களின் வரலாறு கூறும் தெலுங்கு நூல் ஒன்றில் முத்துப்பழனியின் பெயரையும் புகழையும் கண்டார். நூலைத் தேடினார். அரிதின் முயன்று பெற்ற அச்சுப்படி பிழை மலிந்து கிடந்தது. பின்னர் ஏட்டுப்படி ஒன்று அவருக்குக் கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டபொழுது, அச்சில் இல்லாத பகுதிகள் ஏட்டில் இருத்தலைக் கண்டார்.

படித்து மகிழ்ந்ததோடு அவர் நின்றிருக்கலாம். கச்சேரிகளாலும் புகழாலும் நிறைந்த வாழ்வு அவருடையது. பதிப்புத் தொழில் அவருக்கு ஊதியம் தரும் தொழிலும் அன்று. ஆயினும் ஏட்டின் பாடத்தைக் கொண்டு நூலை முழுமையாகப் பதிப்பிக்கத் துணிந்தார். சாமிநாதையர் போன்றோர் தமிழ் ஏடுகளுக்குச் செய்த அதே பணியை, ஒரு பெண்மணி மற்றொரு பெண்மணியின் தெலுங்கு ஏட்டுக்குச் செய்தார். 1910-இல் சென்னை வாவிள்ள இராமசாமி சாஸ்திருலு அண்டு சன்ஸ் என்னும் பதிப்பகம் அதனை வெளியிட்டது. 1854-இல் தொடங்கிய பழம்பெரும் நிறுவனம் அது. தெலுங்கு, வடமொழி நூல்களைத் திருத்தமாக அச்சிடுவதில் பெயர் பெற்றது. அவதாரிகை மீண்டும் நூலின் தலைப்பில் ஏறியது. நாகரத்தினம்மாள் தாமும் ஒரு முன்னுரை எழுதினார். எத்தனை முறை படித்தும் தெவிட்டாத நூல் என்றும், பெண் ஒருத்தி எழுதியதோடு தம் குலத்தில் பிறந்தவளே எழுதியமையால் பதிப்பிக்க விழைந்ததாகவும் அதில் கூறினார்.

வீரேசலிங்கத்தின் கூற்றுக்கு அவர் விடுத்த வினா நேரானது. நாணம் என்பது பெண்ணுக்கு மட்டுமே உரியதோ, ஆணுக்கு உரியது அன்றோ என்று கேட்டார். கேட்டதோடு அமையாமல் சான்றும் காட்டினார். ஆண் புலவர் பாடிய வைஜயந்தி விலாசம் என்னும் காவியத்தில் இதனினும் வெளிப்படையான பாடல்கள் உள்ளன. அதனைப் பார்வையிட்டு அச்சுக்கு இசைவளித்தவர் வீரேசலிங்கமே என்று எடுத்துக்காட்டினார். வினா உணர்ச்சியால் எழுந்ததாயினும் விடை ஏட்டைப் புரட்டிக் கண்டதாய் இருந்தது. பதிப்பாசிரியருக்கு வேண்டிய பண்பு இதுவே.

ஆனால் நூல் நெடுநாள் உலவவில்லை. தெலுங்கு இதழ் ஒன்று அதனைக் கடிந்து எழுதியது. ஒரு விலைமாது எழுதி மற்றொரு விலைமாது பதிப்பித்த நூல் என்னும் இழிமொழியும் எழுந்தது. 1911-இல் ஆங்கில அரசு தன் மொழிபெயர்ப்பாளர் கருத்தைக் கேட்டது. சில பகுதிகள் ஆபாசமானவை என்று அவர் கூறினார். காவலர் பதிப்பகத்தில் புகுந்து படிகளைக் கைப்பற்றினர். தெலுங்குப் பண்டிதர் பலர் நூலுக்கு ஆதரவாக விண்ணப்பம் எழுதினர். பதிப்பகத்தார் மறுப்புரைத்தனர். அரசு செவிசாய்க்கவில்லை; நூல் தடைபட்டது. 1927-இல் மீண்டும் ஒருமுறை அப்பதிப்பகத்தில் சோதனை நிகழ்ந்தது.

இளைஞர் கையில் கொடுக்கத் தகாத பகுதிகள் அதில் உண்டு என்பது உண்மையே. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மை ஆகாது. ஆனால் மாணவர்க்கு எந்நூலை எவ்வயதில் தருவது என்பது ஆசிரியரும் பெற்றோரும் ஆராய வேண்டிய செய்தி. நாட்டில் ஒரு நூல் இருக்கலாமா கூடாதா என்பது முற்றிலும் வேறு. காளிதாசரின் குமாரசம்பவத்தின் சில சருக்கங்களையும் ஆசிரியர் வகுப்பில் விட்டுவிடுவர். அதனால் எவரும் குமாரசம்பவத்தைப் பறிமுதல் செய்ததில்லை. பள்ளியறைக்கு ஆகாதது என்பதையே அளவுகோலாகக் கொண்டால் உலகத்து நூலகங்களில் பாதி வெறுமையாகும். அவ்வளவுகோலும் எல்லார்க்கும் ஒரே வகையாகப் பயன்பட்டதா என்பதே நாகரத்தினம்மாள் எழுப்பிய கேள்வி. அதற்கு அரசின் ஆணையில் விடை இல்லை.

தடை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. சென்னை மாகாண முதல்வராய் இருந்த தங்குடூரி பிரகாசத்தின் முயற்சியால் 1947-இல் அது நீங்கியது. 1952-இல் வாவிள்ள பதிப்பகத்தார் நூலை மீண்டும் வெளியிட்டனர். இடையில் இரண்டு தலைமுறை மாணவர் தெலுங்கு இலக்கியம் கற்றுத் தேறினர். இந்நூல் அவர் கைக்கு எட்டவில்லை. ஒரு நூலைத் தடுப்பதால் நேரும் இழப்பு இத்தகையது. தடை நீங்கிய நாளில் நூல் திரும்பி வரலாம். அதனைப் படித்து, அதனால் தூண்டப்பெற்று எழுதியிருக்கக் கூடியவர் திரும்பி வாரார்.

தஞ்சைப் பெண்பாற் புலவர் எல்லார்க்கும் இத்துன்பம் நேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இராமபத்திராம்பாவின் காவியத்தை டி. ஆர். சிந்தாமணி பதிப்பிக்க, 1934-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மன்னனின் வெற்றியைப் பாடிய நூலுக்கு எதிர்ப்பு எழவில்லை. மதுரவாணியின் நிலையோ வேறு. இனிய குரல் உடையவள் என்பதற்காக மன்னர் அளித்த பட்டமே மதுரவாணி என்பது. அவருடைய இயற்பெயரைப் பட்டம் மூடிவிட்டது. பூதப்பாண்டியன் தேவிக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தது.

1991-இல் சூசி தாரு, கே. லலிதா என்னும் பெண் அறிஞர் இருவர் இந்திய மொழிகளில் பெண்கள் எழுதியவற்றைத் திரட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டபொழுது, அத்தொகுப்பின் முன்னுரையிலேயே முத்துப்பழனியின் நூல் பட்ட பாட்டை விரிவாக எடுத்துரைத்தனர். அதன் பின்னரே தெலுங்கறியாத பலர்க்கு அப்பெயர் தெரியவந்தது. தமிழ்நாட்டில் இன்றும் அப்பெயரை அறிந்தவர் சிலரே. அவர் பாடியது தெலுங்கில் என்பது உண்மை. ஆனால் பாடிய இடம் காவிரிக் கரை. நூலை இழந்து மீண்டும் பெற்ற வரலாறு நிகழ்ந்தது சென்னைத் தெருக்களில்.

நாகரத்தினம்மாளைத் தமிழர் வேறொரு பணிக்காக அறிவர். திருவையாற்றில் தியாகராசரின் சமாதி பேணுவாரின்றிக் கிடந்தபொழுது, தம் பொருளைச் செலவிட்டு 1920-களில் அங்கே கோயில் எடுப்பித்தவர் அவர். அக்கோயிலில் நடந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாதிருந்தது. பெண்டிரைத் திரட்டித் தனியே விழா நடத்தி, அவ்வுரிமையையும் பெற்றுத் தந்தார். இராதிகா சாந்துவனம் மீண்டும் வெளிவந்த அதே 1952-ஆம் ஆண்டில் அவர் காலமானார். திருவையாற்றில் தியாகராசரின் சமாதிக்கு அருகே அவருடைய சமாதியும் உள்ளது. முத்துப்பழனி தம் அவதாரிகையை எழுதிய தஞ்சை அங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை.